நிலைவாசலில் நின்ற கல்

பொழுது அடைந்து தெருவிளக்கு எரிந்த பிறகு கேட்ட அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று இன்றுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை; ஊரில் உள்ள குளவிகள் எல்லாம் ஒரே பானைக்குள் புகுந்துகொண்டு சேர்ந்து மூச்சு விட்ட மாதிரி இருந்தது என்பார் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், கோயில் மணியை அடித்துவிட்டு அதன் விளிம்பில் காதை வைத்த மாதிரி இருந்தது என்பாள் எதிர்வீட்டு மாடத்தி மதினி, எனக்கோ என் மகள் நிறைமதி வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் அறையில் கேட்ட இரைச்சல்தான் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் தெரிந்த சத்தங்கள்: கோஷம், செருப்புக் கால்கள், "வெளிய வாட்டி கதைகாரி" என்று ஒரு குரல். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்த ஓடினேன். இரட்டைக் கதவில் ஒரு பலகையைத் தள்ளிவிட்டு மற்றதில் கை வைத்தபோது கற்கள் கிளம்பிவிட்டன. கண்ணை மூடிக்கொண்டேன். மஞ்சணத்தியம்மனைக் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவள்தான், ஆனாலும் கான்வென்ட்டில் படித்த வாய், பயத்தில் 'அவர் ஃபாதர் ஹூ ஆர்ட் இன் ஹெவன்' என்றுதான் ஆரம்பித்தது. அந்த ஜெபம் முடியும்வரைக்கும் ஒரு கல்லும் விழவில்லை, முடிந்த பிறகும் விழவில்லை. கண்ணைத் திறந்தால், மாதுளம்பழம் பருமனில் ஒரு கருங்கல், நிறைமதியின் நெற்றிக்கு நாலு விரற்கடை தள்ளி, நிலைவாசலின் நடுவே அந்தரத்தில் நின்றது. அதற்கு அப்பால் தெரு நெடுக, ஆள் உயரத்திலும் கூரை உயரத்திலும், கற்கள் வந்த வேகத்தை மறந்துபோய் அப்படி அப்படியே நின்றன. சத்தம் அவற்றிலிருந்துதான் வந்தது.

"பந்து" என்றாள் நிறைமதி, கையை நீட்டி.

எறிந்தவர்கள் வெறுங்கையோடு கொஞ்ச நேரம் நின்றார்கள். விழாத கல்லுக்கு என்ன கோஷம் போடுவது என்று அம்மன் காவல் சபையில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்துகொண்டு, தங்கள் கல்லுக்கு அடியிலேயே நுழைந்து, வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

எல்லாம் நான் எழுதிய ஒரு சின்னக் கதையால் வந்தது. கோயில் கொடைத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மஞ்சணத்தியம்மனுக்கு அலுத்துப்போகிறது. நகைகள் கழுத்தை அறுக்கின்றன, எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே தவிரப் பேச ஆளில்லை. அதனால் நகையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு நூல் சேலையைச் சுற்றிக்கொண்டு, எங்கள் தெருவுக்கு வந்து பெண்களோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடித்தட்டுதான். மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கதையில் அம்மனும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பீடிக்கடைக்காரன் அவள் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று பாதியை ஒடித்துக் கழித்துப் போடுகிறான். அவள் அதைப் பொறுக்கிக்கொண்டு மறுநாளும் வருகிறாள். அவ்வளவுதான் கதை. அதை சற்குணம் சார் தான் நடத்துகிற சிறுபத்திரிகையில் போட்டார். அந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்களை ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார வைத்துவிடலாம். யாரோ அதில் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து, நகையைக் கழற்றுகிற வரியைச் சிவப்பில் வட்டம் போட்டு, 'நம் தாயை அவிழ்த்துக் காட்டியவள்' என்று வாட்ஸப்பில் விட்டார்கள்.

முதலில் சற்குணம் சாரைத்தான் தேடிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில், அரிவாளோடு. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அந்த விரல்கள் எங்கே விழுந்திருக்கும், யார் எடுத்திருப்பார்கள், எடுத்தார்களா என்றே எனக்கு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது; பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "இடது கையால எழுதப் பழகிக்கிட்டிருக்கேம்மா. எழுத்து எல்லாம் சாய்ஞ்சு சாய்ஞ்சு ஓடுது. சரி, அடுத்த இதழுக்கு ஏதாவது வச்சிருக்கியா?" நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கல் எறிந்த மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கற்களுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்தார். "கல்லெறிஞ்சா கேஸ் இருக்கு. எறிஞ்ச கல்லு மேல படலைன்னா அதுக்கு என்ன செக்‌ஷன் போடுறது? விழட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கற்கள் விழவில்லை. என் வீட்டுக்காரர் நிலைவாசல் கல்லைப் பிடித்துத் தொங்கியும் பார்த்துவிட்டார், சம்மட்டியால் அடித்தும் பார்த்துவிட்டார், அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையவில்லை. கதவுப் பலகைகள் இரண்டும் அதில் முட்டி, நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளியோடு நின்றுவிட்டன. அன்றிலிருந்து என் வீட்டுக் கதவைச் சாத்தவே முடியவில்லை. அரிவாள் நடமாடுகிற ஊரில், தவழ்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, வாய் திறந்த வீட்டில் படுத்திருப்பது என்னவென்று படுத்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரியானால் இடைவெளியில் பீரோவைத் தள்ளி வைப்போம். பீரோவுக்குப் பின்னால் அந்தக் கல் முனகிக்கொண்டே இருக்கும்.

தெரு அப்படியெல்லாம் பயப்படவில்லை. எங்கள் தெருவின் குணம் அது, வெள்ளம் வந்தாலும் முதலில் பாத்திரம் கழுவுவார்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு கற்களுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள், தாழ்வாய் நின்ற ஒரு கல்லில் தூக்குவாளியை மாட்டினார்கள், உயரத்தில் நின்ற ஒன்றில் காக்கா கூடு வைத்தது, தலைவலிக்காரர்கள் வந்து கல்லின் முனகலில் நெற்றியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், பக்கத்து ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களுக்கு மாடத்தி மதினி மோர் விற்றாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கற்களுக்கு அடியில் புது விளையாட்டு ஒன்று கண்டுபிடித்து அதற்கு விதியெல்லாம் வைத்துச் சண்டை போட்டார்கள். தண்ணீர் லாரிதான் உள்ளே வர முடியாமல் தெரு முக்கிலேயே நின்றது. குடத்தோடு போகிற பெண்கள் கல்லைப் பார்த்து, "எந்தத் தாய் பெத்த பிள்ளை எறிஞ்சதோ, அவன் வீட்டுத் தண்ணிய நான் சுமக்கேன்" என்று வைதுகொண்டே போவார்கள்.

கல்லை அகற்ற வழி உண்டு என்பதை லோடு ஆட்டோ ஓட்டுகிற பால்த்துரைதான் காட்டினார், அதுவும் தெரியாத்தனமாக. முக்கில் நின்ற ஒரு கல் அவருடைய ஆட்டோக் கண்ணாடியை உரசியது. எரிச்சலில் கையை நீட்டித் தள்ளினார். கல், பழுத்த கொய்யா காம்பை விட்டு வருகிற மாதிரி, அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மாடத்தி மதினி மோர்ச் செம்பை இறக்கி வைத்துவிட்டு, "ஏ பால்த்துர, அன்னைக்கு நீ திருநெவேலிக்கு லோடு ஏத்திப் போனேன்னு சொன்னியேப்பா" என்றாள்.

பால்த்துரை கல்லை மடியில் கட்டிக்கொண்டு வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எறிந்தவர் கைக்கு மட்டும்தான் கல் வரும் என்று ஊருக்குத் தெரிந்துபோனது. தெரிந்த பிறகு ஒருத்தரும் எடுக்க வரவில்லை. எடுத்தால் எறிந்தது தான்தான் என்று ஆகிவிடும். அண்ணன் தம்பி, கொண்டான் கொடுத்தான், பால்காரர், வாத்தியார், எல்லோரும் கல்லைச் சுற்றி நடந்தார்கள்; தொங்குகிற கல்லில் தவறிக்கூடக் கை பட்டுவிடக் கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது எங்கள் ஊர் ஆண்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆவணியில் கொடை. கடைசி நாள் அம்மன் ஏறிவரும் சப்பரம் எல்லாத் தெருவிலும் வர வேண்டும். கற்கள் நிற்கிற தெருவில் சப்பரம் எப்படி வரும்? அம்மன் காவல் சபைத் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பீரோவுக்கும் கல்லுக்கும் நடுவில் நின்று பேசினார்.

"இந்தாம்மா, நான் நியாயஸ்தன். உன் வயசுல எனக்கும் ஒரு மக இருக்கா. சப்பரத்தன்னைக்கு ஊர் முன்னால மைக்கைப் பிடிச்சு, தப்புப் பண்ணிட்டேன், இனி ஒரு எழுத்து எழுத மாட்டேன்னு சொல்லு. சொன்னேன்னு வையி, அவனவன் கல்லை அவனவன் எடுத்துருவான், நான் சொல்லி எடுக்க வைக்கேன். உன் கதவும் மூடும். பிள்ளை நிம்மதியா உறங்கும்."

"சொல்லலைன்னா, அண்ணாச்சி?"

"கல்லு என்னைக்கும் அந்தரத்துலயே நிக்குமாம்மா?" என்றார், மெதுவாக, நிறைமதியின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற மனிதர், சத்தமாய்ப் பேசத் தெரியாதவர். "ஒரு வாய்ச்சொல்லுதான வடிவு" என்றார். "சொல்லிருவமா?" நான் கோபப்படவில்லை. ஏனென்றால் நானே அந்த வாக்கியத்தைப் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கான்வென்ட்டில் தமிழ் பேசினால் பெஞ்சின் மேல் நிற்க வைப்பார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. இனி ஒரு எழுத்து எழுத மாட்டேன். இனி ஒரு எழுத்து எழுத மாட்டேன். சொல்லச் சொல்ல நாக்குப் பழகிவிடும் போலத்தான் இருந்தது.

அந்த வாரம்தான் மாடத்தி மதினி பீடித்தட்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். "கதவு இல்லாத வீட்டுக்கு நாங்கதாம்ளா கதவு" என்றாள். அடுத்த நாள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைத்து வெகு நேரம் வரைக்கும், முறை வைத்துக்கொண்டு, கல்லுக்கு இரண்டு பக்கமும் தட்டும் மடியுமாய் உட்கார்ந்தார்கள். அவர்களில் பேச்சிக்கனி அக்காதான் எல்லோருக்கும் முன்னால் வருவாள், எல்லோருக்கும் பின்னால் போவாள். அதிகம் பேசமாட்டாள். தெருவிலேயே வேகமான கை. வருஷா வருஷம் அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவள்; மகள் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது அம்மன்தான் எழுப்பிக் கொடுத்தாள் என்று அந்தக் குழந்தைக்கு மஞ்சணத்தி என்றே பேர் வைத்திருந்தாள்.

பீடி சுற்றுகிற இடத்தில் கைக்கு வேலை இருக்கும், காதுக்கு இருக்காது. ஒருநாள் மதினி கேட்டாள்: "ஊரே இந்தக் கதையால பத்தி எரியுது, அதைப் படிச்சவன் ஒருத்தனையும் காணும். நாங்களும்தான் படிக்கலை. என்னதாம்ளா எழுதிருக்க? வாசி, கேப்போம்."

உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்து வாசித்தேன். அம்மன் நகையைக் கழற்றுகிற இடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. அவள் தட்டை வாங்கி மடியில் வைக்கிற இடத்தில் ஒருத்தி "ஆத்தா" என்றாள். பீடிக்கடைக்காரன் கழித்து ஒடிக்கிற இடம் வந்ததும் சிரிப்பு கிளம்பியது பாருங்கள், தூள் பறந்து எல்லோருக்கும் தும்மல்.

"அந்தப் பாவி அம்மனுக்கும் சொத்தை இலையத்தான் குடுத்திருப்பான்!"

"அம்மன்னு தெரிஞ்சா மட்டும் விடுவானாக்கும். இன்னுங் கொஞ்சம் சுத்திட்டு வாங்க தாயின்னு சொல்லிருப்பான்."

"எட்டுக் கையிருக்கே, நம்மள விடச் சீக்கிரம் முடிச்சிருப்பாளே, அதை ஏம்ளா எழுதலை?"

பேச்சிக்கனி அக்கா சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "எனக்குப் பிடிக்கலை" என்றாள். "அவ என் பிள்ளைக்கு உயிர் குடுத்தவ. அவளை எவனோ ஒருத்தன் முன்னால நீ தலை குனிய வச்சிட்ட."

சுற்றிலும் கைகள் நின்றுவிட்டன. எனக்கு என்னமோ அவள்மேல் பயம் வரவில்லை. சிவப்பு வட்டம் போட்டவர்கள், அரிவாள் எடுத்தவர்கள், மைக் கொடுக்கிறவர், இத்தனை பேரில் கதையை முழுசாய்க் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் வலித்தது என்று என்னிடமே சொன்ன முதல் ஆள் இவள்தான். "தலை குனியலைக்கா" என்றேன். "கழிச்சுப் போட்டதைப் பொறுக்கிக்கிட்டு மறுநாளும் வாரா. உங்களை மாதிரி."

"என்னை மாதிரி இருக்கதுக்கு அவ எதுக்கு அம்மனா இருக்கணும்?" என்றாள் அக்கா.

விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அதையே பேசினார்கள், ஒருத்திக்கொருத்தி சண்டையாகவும் போனது, மறுநாள் அத்தனை பேரும் வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அன்றைக்கு இரவு பிள்ளை தூங்கிய பிறகு, அத்தனை நாளைக்கு அப்புறம் முதல் முறையாக, எழுத உட்கார்ந்தேன். கை நடுங்கினால் எழுத்து கொஞ்சம் கோணும், வேறொன்றும் ஆகாது.

சப்பரத்தன்று நன்றாக இருட்டிய பிறகு கொட்டும் நாயனமுமாய் அம்மன் எங்கள் தெரு முக்குக்கு வந்து நின்றாள். ஜெனரேட்டர் வெளிச்சத்தில் கற்கள் எல்லாம் பளபளத்தன, முனகல் நாயனத்தையும் மீறிக் கேட்டது. கோமதிநாயகம் அண்ணாச்சி பட்டு வேட்டியோடு, நீள வயரை இழுத்துக்கொண்டு, கற்களுக்கு அடியில் குனிந்து வந்து மைக்கை என் கையில் கொடுத்தார். தெருவின் இரண்டு முனையிலும் ஊர் நின்றது. நிறைமதி என் இடுப்பில். வாயைத் திறந்தால், கான்வென்ட் அசெம்பிளியில் ஊறிப்போன நாக்கு, "குட் ஈவினிங் டு ஒன் அண்ட் ஆல்" என்றது.

கூட்டத்தில் யாரோ, "குட் ஈவினிங் டீச்சர்" என்று கத்தினார்கள். சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

"கதை நான் எழுதுனதுதான்" என்றேன். "மனசு நொந்தவங்க இருக்கீங்க. வந்து சொல்லுங்க, சண்டை போடுங்க, கேக்கேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு, என் கை நடுங்குறது உங்களுக்கே தெரியுது. ஆனா இனி எழுத மாட்டேன்னு சொன்னா அது பொய். நான் எழுதுவேன்னு எனக்குத் தெரியும். அம்மன் வாசல்ல வந்து நிக்கும்போது அவ முன்னால என்னால பொய் சொல்ல முடியாது."

அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் போனது. அதில் ஒன்றும் அதிசயமில்லை. சப்பரத்தின் உச்சி மேலே போகிற கம்பியில் பட்டுவிடுமென்று, வருஷா வருஷம் ஒவ்வொரு தெருவுக்கும் அம்மன் வரும்போது கரண்ட் ஆபீசில் நிறுத்திவிடுவார்கள். சப்பரத்து ஜெனரேட்டர் மட்டும்தான் ஓடும். இந்த வருஷம் அதுவும் நின்றது. அதன் பக்கத்தில் மாடத்தி மதினி நின்றுகொண்டிருந்தாள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் தெரியாத இருட்டு. அந்த இருட்டில் மதினியின் குரல் மட்டும் கேட்டது: "அம்மன் எவ்வளவு நேரம்தாம்ல நிப்பா? அவனவன் கல்லை எடுங்கல. யாரும் பாக்கலை."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு செருப்புச் சத்தம், பிறகு காம்பு ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு இங்கே அங்கே, மேலே கீழே, தோப்பில் காய் பறிக்கிற மாதிரி. யாரோ யாரையோ தோளில் ஏற்றினார்கள், யாரோ "மெள்ள, மெள்ள, காக்காக் கூடு" என்றார்கள், யாரோ ஒருவர் பக்கத்திலேயே மூக்கை உறிஞ்சினார். ஒவ்வொரு கல்லுக்கும் முனகல் ஒரு இழை குறைந்துகொண்டே வந்தது. என் பக்கத்தில் பட்டு வேட்டி சரசரத்தது. கொஞ்ச நேரம் கழித்து அது திரும்பி வந்து நின்றது, பலமாய் மூச்சு வாங்கியது.

ஜெனரேட்டர் மறுபடி ஓடி வெளிச்சம் வந்தபோது தெரு, தெருவாக இருந்தது. ஊர் ஆண்களில் பாதிப் பேர் மடியைக் கையால் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். கோமதிநாயகம் அண்ணாச்சியின் பட்டு வேட்டி மடியில் நல்ல கனம். யாரும் யாரையும் கேட்கவில்லை. சப்பரம் ஆடி ஆடி என் வாசலைத் தாண்டிப் போனது, ஊரும் கொட்டும் அதன் பின்னால் போனது, என் வீட்டுக்காரரும் நிறைமதியைத் தோளில் வைத்துக்கொண்டு அம்மனைக் காட்டப் போனார்.

சப்பரம் தெருவைத் தாண்டியதும் கரண்ட் வந்தது. நான் திரும்பினேன். நிலைவாசலில் அந்த ஒரு கல் மட்டும் அப்படியே நின்றது. படியில் உட்கார்ந்துவிட்டேன். எறிந்தவன் வரவில்லை, இனி வரமாட்டான், சாகும்வரைக்கும் என் கதவு திறந்துதான் கிடக்கும் என்று நினைத்தேன்.

பேச்சிக்கனி அக்கா கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தீச்சட்டி எடுப்பவள், சப்பரத்துக்குப் பின்னால் போகாமல், மடியில் பீடித்தட்டோடு.

"நீங்க போகலையாக்கா?"

"கரண்ட் வரட்டும்னு இருந்தேன்" என்றாள். தட்டை இறக்கி வைத்தாள். எழுந்து, என் தலைக்கு மேல் எரிகிற விளக்கின் நேர் கீழே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். கல் அவள் கைக்கு வந்தது.

முனகல் நின்றது. அத்தனை நாளைக்கு அப்புறம் என் வீட்டில் கடிகாரம் ஓடுவது கேட்டது.

"இருட்டுல எடுக்க எனக்கு மனசு ஒப்பலை" என்றாள். கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கதவைப் பாத்துத்தான் எறிஞ்சேன். நீ பிள்ளையோட வந்து நின்னதைப் பாக்கலை. பிறகு தினமும் வந்து பாத்தேன். இம்புட்டுத்தான் தூரம். இம்புட்டுத்தான். என் பிள்ளையக் காப்பாத்துனவதான் உன் பிள்ளையையும்... அவதான் பிடிச்சு வச்சிருக்கா. எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது. அவள் கல்லை முந்தானையில் சுற்றினாள்.

"இப்பவும் சொல்லுதேன், உன் கதை எனக்குப் பிடிக்கலை."

"சரிக்கா."

"அம்மன் சுத்துன பீடிய ஒருத்தனாலயும் கழிக்க முடியாது. ஒடிக்கப் போவான், ஒடியாது. அப்படித்தான் நடந்திருக்கும். அவன் ஒடிச்சு ஒடிச்சுப் பாத்துட்டு, ராத்திரி முழுக்க உக்காந்து..." நிறுத்தினாள். நான் கவனித்துக் கேட்பதைப் பார்த்துவிட்டாள்.

"ராத்திரி முழுக்க உக்காந்து?"

"அதை இப்படி வாசல்ல நின்னா சொல்லுவாங்க?" என்று அதட்டினாள்.

தெருவின் கடைசியிலிருந்து என் வீட்டுக்காரர் தூங்கிப்போன நிறைமதியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். வாசலில் கல் இல்லாததைப் பார்த்தார், அக்காவின் முந்தானையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தினார். அக்கா பீடித்தட்டை எடுத்துக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, சுவர் ஓரமாய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். நான் கதவுப் பலகைகள் இரண்டையும் இழுத்துச் சேர்த்தேன். இத்தனை நாள் மழையிலும் வெயிலிலும் நின்றதில் கொஞ்சம் உப்பியிருந்தன, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. பொருந்தின. அவளையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் தாழ்ப்பாளைப் போட்டேன்.